உனக்குச் சோறு பொங்க நான் வரப்போவதில்லை

மகனே, போன ஞாயிற்றுக்கிழமை நீ முக்குக் கடைக்குப் போன் செய்து கேட்டாயே, அதற்குப் பதில் இது. அன்றைக்குக் கடைக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். அதனால் “யோசிச்சு சொல்றேன்டா” என்று சொல்லி வைத்துவிட்டேன். உண்மையில் யோசிக்க அதில் ஒன்றும் இல்லை. “அம்மா, கல்யாணம் முடிஞ்சதும் நீ மெட்ராசுக்கு வந்துடு. தேவியும் வேலைக்குப் போறா. நீ வந்துட்டா எங்களுக்கு சோத்துக் கவலை இல்ல. உனக்கும் ரெஸ்டா இருக்கும்” என்றாய். உங்கள் சோற்றுக் கவலையையும் என் ரெஸ்டையும் ஒரே மூச்சில் சொன்னாய் பார், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வர மாட்டேன். ஏன் வர மாட்டேன் என்பதைச் சொல்லத்தான் எட்டாவது படித்த கையெழுத்தில் இத்தனை பக்கம் எழுதுகிறேன். பாதியில் மடித்து வைத்துவிடாதே, முழுக்கப் படி.

எனக்கு வன்மம் உண்டு. அதை உனக்குத் தெரியாமல் இரண்டு வருஷமாக வளர்த்து வைத்திருக்கிறேன். வன்மம் ஆளைத் தின்னும் என்று ஊரில் சொல்வார்கள். என்னை அது தின்னவில்லை, அதுதான் எனக்குச் சோறு போட்டது. நான் இன்றைக்கு எழுந்து நடமாடுகிறேன் என்றால் பாதி டாக்டர் மாத்திரையால், மீதி என் வயிற்றெரிச்சலால்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், கத்திரி வெயிலில், நான் உப்பளத்தில் விழுந்தது உனக்கு நினைவிருக்கும். ஏன் விழுந்தேன் என்பது உனக்குத் தெரியாது, நீ கேட்கவும் இல்லை. விடிவதற்கு முன்னால் பாத்தியில் இறங்கினால் வெயில் உச்சிக்கு ஏறுகிறவரை பெண்கள் நாங்கள் யாரும் தண்ணீர் குடிக்க மாட்டோம். உப்பளத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணுக்கு எட்டியவரை பாத்தியும் வரப்பும்தான். ஒதுங்க ஒரு மறைப்பு கிடையாது. வேலிகாத்தான் புதருக்குப் போக வேண்டும் என்றால் இருபது ஆண்கள் உப்பு வாருகிற வரப்பைத் தாண்டி, அவர்கள் பார்க்கப் பார்க்கப் போக வேண்டும். குடித்தால்தானே போக வேண்டும், அதனால் குடிக்காமலே இருந்துவிடுவோம். வாயில் ஒரு கொட்டைப்பாக்கை அடக்கிக்கொண்டால் எச்சில் ஊறும், தாகம் தெரியாது. தலையில் உப்புக்கூடை, வாயில் பாக்கு. இருபத்திரண்டு வருஷம் இப்படியே ஓடியது.

இதில் எனக்குப் பெருமை வேறு, அந்த வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். “இவங்க ஒட்டகம் மாதிரி, தண்ணியே வேணாம்” என்று மேஸ்திரி சொன்னால் எனக்குத் தலை கால் புரியாது. புதிதாக வேலைக்கு வரும் பெண்களிடம் நான்தான் சட்டம் சொல்வேன். மல்லிகா என்று ஒரு பெண், வயிற்றில் ஐந்து மாசம், இரண்டு தடவை புதர்ப்பக்கம் போய்விட்டாள். அத்தனை பேர் நடுவில் அவளைப் பார்த்து, “இன்னாடி, வேலைக்கு வந்தியா, ஊர் சுத்த வந்தியா? வூட்லேர்ந்து வரும்போதே குடிக்காம வர்றதுக்கு இன்னா?” என்று கேட்டேன். ஆண்கள் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து அவளும் குடிக்காமல் வந்தாள். அவளுக்கு ஏழாம் மாசத்தில் ஜுரம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து, பிள்ளை எப்படியோ பிழைத்தது. மூத்திரத்தில் கிருமி என்றார்களாம். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. நான் விழுந்த பிறகுதான் உறைத்தது.

பெரியாஸ்பத்திரியில் என்னைப் படுக்க வைத்த அன்று ஒரு நர்சம்மா கேட்டார், “ஏம்மா, ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி குடிப்ப?” நான் கணக்குப் பார்த்து ஒரு சொம்பு என்றேன். அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார். கிட்னியில் கல், அதோடு பிரஷர். பிரஷருக்கு உப்பைக் குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உப்பளத்துக்காரியிடம் உப்பைக் குறை என்கிறாரே இந்த மனுஷன்! நம் வீடுகளில் யார் உப்பைக் கரண்டியால் அளந்தார்கள்? முந்தானையில் முடிந்து கொண்டுவருவதைப் பானையில் கொட்டி வைத்து, குழம்புக்கு ஒரு கை, கஞ்சிக்கு ஒரு கை, ஊறுகாய்க்கு இரண்டு கை. கரண்டியால் போடுகிறவளைக் கஞ்சப் பிசினாறி என்போம். நம் தெருவில் நாற்பது வயசுக்கு மேல் பிரஷர் இல்லாத பெண் யார் யார் என்று எண்ணிப் பார், ஒரு கை விரல் போதும்.

மூன்றாம் நாள் உன் கிளியனூர் அத்தை என்னைப் பார்க்க வந்தாள். எனக்கு ஊசி போட்டிருந்தார்கள், கண்ணைத் திறக்க முடியவில்லை, ஆனால் காது நன்றாகத் திறந்திருந்தது. கட்டில் பக்கத்தில் உன் அப்பா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். என் நெற்றியைக்கூடத் தொட்டுப் பார்க்காமல் உன் அத்தை தன் தம்பியிடம் பேச ஆரம்பித்தாள். “இவ தேற மாட்டாடா. கிட்னி போச்சுன்னா போச்சுதான். இரும்பையில ஒரு பொண்ணு இருக்குது, புருஷன் உட்டுட்டுப் போய்ட்டான். நல்லா சமைப்பா, வாய் கிடையாது. நான் பேசி வெச்சிருக்கேன்.” நான் படுத்திருக்கிறேன், மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறேன், என் கழுத்தில் தாலி இருக்கிறது. அவள் என் இடத்துக்கு ஆள் பிடித்துவிட்டாள். சரி, அவள் அப்படிப்பட்டவள்தான். உன் அப்பா என்ன சொன்னார் தெரியுமா? “பாக்கலாம்க்கா” என்றார். பாக்கலாம்! இருபத்தைந்து வருஷம் அந்த மனுஷனுக்குச் சோறு போட்டிருக்கிறேன். அங்கே நீயும் இருந்தாய். உன் பங்குக்கு நீ சொன்னதைப் பின்னால் எழுதுகிறேன், இப்போதே பக்கத்தைப் புரட்டாதே.

அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டே ஒரு முடிவு எடுத்தேன். சாக மாட்டேன். இவர்கள் மூஞ்சிக்கு முன்னால், எழுபது எண்பது வயசுவரைக்கும், கல்லு மாதிரி இருப்பேன். சாமியிடம்கூட வேண்டிக்கொள்ளவில்லை. சாமி இரக்கப்பட்டு இவர்களை மன்னித்துவிடச் சொல்லும், எனக்கு அது வேண்டாம். இந்த மூன்று பேரில் யாரிடமும் இதுவரை நேரடியாக ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை.

டிஸ்சார்ஜ் ஆகி வந்து பதினைந்து நாளில் மறுபடி பாத்தியில் இறங்கினேன். கையில் இரண்டு லிட்டர் பழைய கூல்டிரிங்ஸ் பாட்டில், நிறையத் தண்ணீர். தாகம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், பத்து நடைக்கு ஒருமுறை நான்கு மடக்கு. குடித்தால் போக வேண்டுமே, அதற்கும் வழி செய்தேன். மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் நான்கு சவுக்குக் கொம்பு நட்டு, சுற்றிலும் புடவை கட்டினேன். எந்தப் புடவை என்று நினைக்கிறாய்? உன் அத்தை தலைதீபாவளிக்கு எனக்கு எடுத்துக் கொடுத்து, வருஷா வருஷம் நான்கு பேர் முன்னால் சொல்லிக் காட்டுவாளே, அந்த மயில்கழுத்துக் கலர் புடவை. அதைக் கட்டினாலும் கட்டினேன், அன்றைக்கு அதற்குள்ளே உட்கார்ந்து எழுந்தபோது எனக்குப் பாதி வியாதி தீர்ந்துபோனது.

மேஸ்திரி ஓடி வந்தார். “இன்னாம்மா இது, உப்பளத்துல கூடாரம் போட்டுனு இருக்கிற? மொதலாளி பார்த்தா என்னைத்தான் கேப்பாரு.”

“கேட்டா என்னாண்ட அனுப்புங்க. உங்க வூட்டம்மாவ ஒரு நாள் கூட்டியாந்து அந்தப் புதரு பின்னால உக்கார வெச்சுட்டு அப்புறம் பேசச் சொல்லுங்க.”

முகம் சுண்டிப் போய்விட்டது மனுஷனுக்கு. இரண்டு நாள் எனக்குத் தூரத்துப் பாத்தியாகப் போட்டுப் பழி தீர்த்தார். தூரத்துப் பாத்தி என்றால் கூடையோடு இரண்டு மடங்கு நடை. நடந்தேன். நடக்கிற நேரமெல்லாம் தண்ணீர் குடித்தேன். மூன்றாம் நாள் மல்லிகா வந்து, “அக்கா, நானும் போய்ட்டு வரட்டா?” என்று கேட்டாள். போய்விட்டு வந்ததும் அவள் கையைப் பிடித்து, “அன்னிக்கி உன்னைப் பேசினதுக்கு என்னை செருப்பால அடி” என்றேன். அவள் அடிக்கவில்லை. “வுடுக்கா” என்று சொல்லி என் பாட்டிலை வாங்கிக் குடித்தாள். அதற்கு அவள் அடித்தே இருக்கலாம். இப்போது எங்கள் செட்டில் பதினோரு பெண்கள், பதினோரு பாட்டில். ஒருத்தி வாயிலும் பாக்கு இல்லை.

அடுத்தது வீடு. புயலில் கடல் உள்ளே வந்து போன பிறகு பாத்தியெல்லாம் சேறாகி, தை மாசி இரண்டு மாசமும் பாதி நாள் வேலை இல்லாமல் இருந்தோமே, அப்போதுதான் உன் அப்பாவை எடுத்துக்கொண்டேன். இத்தனை வருஷம் அவர் சாப்பிட்டு எழுந்து, நீ சாப்பிட்டு எழுந்து, பாத்திரம் ஒழித்து, மூன்று மணிக்கு மேல் சட்டியில் ஒட்டியிருப்பதை வழித்துத் தின்பேன். ஒரு நாள் அவர் உட்காரும்போதே எனக்கும் ஒரு தட்டு வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன்.

“இன்னா, நீயும் உக்காந்துட்ட?”

“பசிக்குது.”

“அப்ப எனக்கு யாரு போடறது?”

“கை இருக்குது இல்ல? மூட்டை தூக்குற கைதானே, கரண்டி தூக்காதா?”

மீனில் நடுத்துண்டை நான் எடுத்துக்கொண்டேன், வாலை அவருக்கு வைத்தேன். காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ் எனக்கென்று தனியாகக் கரைத்தேன். மத்தியானம் அரை மணி நேரம் கதவைச் சாத்திவிட்டுப் படுத்தேன், யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்கவில்லை. கருவாட்டையும் ஊறுகாயையும் நிறுத்தினேன். உப்புப் பானையைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டு, ஒரு சின்ன டப்பாவில் டீக்கரண்டி போட்டு வைத்தேன். உன் அப்பா முதல் நாள் ஒரு வாய் வைத்துவிட்டு, “மனுஷன் தின்பானா இத?” என்று தட்டைத் தள்ளினார். “நான் தின்றேன், நான் மனுஷி இல்லியா?” என்றேன். பதினைந்து நாள் டீக்கடையில் பஜ்ஜியாகத் தின்றார், வயிறு கெட்டு வழிக்கு வந்தார். இதில் ஒரு எரிச்சல் என்னவென்றால், இப்போது அவருடைய பிரஷரும் இறங்கிவிட்டது. படி ஏறினால் இளைப்பதில்லை, ஆள் பத்து வயசு குறைந்த மாதிரி இருக்கிறார். பழிவாங்கப் போய் அந்த மனுஷனுக்கு நல்லது செய்து தொலைத்துவிட்டேன். அது இன்னும் எனக்கு ஆறவில்லை.

போன வருஷம் ஆடியில் உன் அத்தை விருந்துக்கு வந்தாள். ஆட்டுக்கறி எடுத்திருந்தேன். எல்லாருக்கும் என் அளவில்தான் உப்பு. அவள் ஒரு வாய் வைத்ததும் நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தாள். “ஏன்டி, உப்பு போட மறந்துட்டியா? உப்பளத்துல இருந்துகினு உப்புக்குப் பஞ்சமா?”

“மறக்கல அண்ணி. ரொம்ப நாள் இருக்கணும்னா உப்பு ஆவாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நான் இன்னும் ரொம்ப நாள் இருக்கப் போறேன்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “இரும்பையில உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாரோ இருக்காங்களாமே, நல்லா இருக்காங்களா?” என்று கேட்டேன்.

அவள் கையில் எடுத்த சோறு தட்டிலேயே விழுந்தது. உன் அப்பா எழுந்து கை கழுவப் போனவர் அரை மணி நேரம் கழுவினார். நான் மட்டும் நிதானமாக, எலும்பை உறிஞ்சி, இரண்டாம் தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன். என் வாழ்நாளில் அப்படி ருசித்துத் தின்றதில்லை. அதற்குப் பிறகு உன் அத்தை நம் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. “அத்தை ஏன் வர்றதே இல்ல, நீ எதாச்சும் சொன்னியா?” என்று நீ போனில் கேட்டாய் அல்லவா, இதுதான் நான் சொன்னது. உன் கல்யாணத்துக்கு அவளுக்குப் பத்திரிகை வைப்பேன், நானே கிளியனூர் போய் வைப்பேன். அவள் வரட்டும். முதல் பந்தியில் என் எதிரில் உட்காரட்டும்.

இப்போது உன் விஷயம். என் கால்மாட்டில், அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் நீ உட்கார்ந்திருந்தாய். எனக்கென்று வாங்கிவந்த இட்லிப் பார்சலைப் பிரித்து, நான் தூங்குகிறேன் என்று நீ தின்றுகொண்டிருந்தாய். அதற்கு நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், பசித்த பிள்ளை. உன் அத்தை இரும்பைப் பெண்ணைப் பற்றிச் சொன்னாள், அப்பா பாக்கலாம் என்றார். நீ வாயில் இட்லியோடு சொன்னாய், “பாருங்க அத்தை. அப்பாவுக்கும் ஒரு வேளை சோறு பொங்கிப்போட ஆள் வேணும் இல்ல?” உனக்கு அப்போது இருபத்துநான்கு வயசு. அறியாத வயசு என்று சொல்லிக்கொள்ள முடியாது. உன் அத்தை அயலாள், உன் அப்பா கட்டிக்கொண்டவர். நீ என் வயிற்றிலிருந்து வந்தவன். அம்மா போய்விட்டால் என்ன செய்வது என்று நீ கேட்கவில்லை. சோற்றுக்கு என்ன செய்வது என்றுதான் உனக்கு வந்தது. அவர்கள் இரண்டு பேர் பேச்சும் என்னைக் குத்தியது. உன் பேச்சுதான் என்னைக் கொன்றது. அதிலிருந்து எழுந்து வந்தவள்தான் இப்போது உனக்குக் கடிதம் எழுதுகிறவள்.

உன்னை நான்தான் அப்படி வளர்த்தேன், அதையும் மறைக்கவில்லை. ஒரு நாளாவது “அம்மா சாப்டியா” என்று கேட்கப் பழக்கினேனா? நீ கேட்காதது எனக்கு வசதியாகக்கூட இருந்தது, கேட்டால் பொய் சொல்ல வேண்டி வந்திருக்கும். சட்டியை வழித்துத் தின்கிற அம்மாவைத்தான் நீ பார்த்தாய், அம்மா என்றால் அதுதான் என்று நினைத்துவிட்டாய். அது என் தப்பு. தப்பை ஒத்துக்கொள்கிறேன், அதற்காக உன்னை விட்டுவிட மாட்டேன்.

நிச்சயத்துக்குப் பிறகு தேவி ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக என்னைப் பார்க்க வந்தாள். உனக்குச் சொல்லியிருக்க மாட்டாள், நான்தான் சொல்ல வேண்டாம் என்றேன். சொம்பில் தண்ணீர் கொடுத்தேன், இரண்டு மடக்குக் குடித்துவிட்டு வைத்துவிட்டாள். ஏன் என்று கேட்டேன். “பழக்கம்மா. நாங்க கம்பெனில துணி தைக்கிற லைன்ல அறுபது பேருக்கு ஒரே ஒரு டோக்கன். அது கையில இருந்தாத்தான் பாத்ரூம் போவ முடியும். சூப்பர்வைசர் டைம் பார்ப்பாரு. அதனால காலைலேர்ந்தே குடிக்க மாட்டோம்” என்றாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உப்பளமே இல்லாத ஊரில், மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, இருபத்திரண்டு வயசுப் பெண் என்னை மாதிரியே காய்ந்துகொண்டிருக்கிறாள். அன்று முழுக்க அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு என் கதை அத்தனையும் சொன்னேன். ஆஸ்பத்திரியையும் சொன்னேன், இட்லியையும் சொன்னேன். அவள் அழுதாள், உன்மேல் கோபப்பட்டாள், கோபப்படட்டும் என்றுதான் சொன்னேன். இப்போது அவள் லைனில் நான்கு பெண்கள் சேர்ந்து இரண்டாவது டோக்கன் கேட்டிருக்கிறார்களாம். கிடைக்குமோ கிடைக்காதோ, பாட்டில் மட்டும் தினமும் கொண்டுபோகிறாள்.

அவள் வேலையை விட்டு வந்து உனக்காக அடுப்பில் நிற்கப் போவதில்லை. நான் உப்பளத்தை விட்டு வந்து நிற்கப் போவதில்லை. நீ கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் லீவு போட்டுவிட்டு இங்கே வா. உலை வைப்பது, அரிசி களைவது, கஞ்சி வடிப்பது, உப்பைக் கரண்டியால் அளப்பது, எல்லாம் சொல்லித்தருகிறேன். கை சுடும், சுடட்டும். முதலில் அவளுக்குப் போட்டுவிட்டு அப்புறம் நீ சாப்பிடப் பழகு. ஒரு நாள் சட்டியை வழித்துத் தின்று பார், ஆறிப்போன சோறு தொண்டையில் எப்படி இறங்குகிறது என்று தெரியும். நீ வராவிட்டால் கல்யாணத்துக்கு முன்னாலேயே தேவிக்கு ஒரு யோசனை சொல்வேன், அவள் கேட்பாள். அம்மா மிரட்டுகிறாளா என்று நினைக்காதே. மிரட்டத்தான் செய்கிறேன்.

உன்மேல் ஆசை இல்லாமல் இதை எழுதவில்லை. ஆசை வைக்காத ஒருத்தன்மேல் இரண்டு வருஷம் யாரும் கோபம் வைத்திருக்க மாட்டார்கள். நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் விளக்கேற்றுகிறேன். ஆனால் மன்னித்துவிட்டேன் என்று மட்டும் எழுத மாட்டேன், அது பொய்.

தாலி கட்டியதும் எல்லாரும் வந்து தேவி தலையில் அட்சதை போட்டு, தீர்க்கசுமங்கலியாக இரு என்பார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் யோசிப்பதில்லை. உனக்கு முன்னால் அவள் போய்விட வேண்டும், அதுதான் அர்த்தம். நான் அதைச் சொல்ல மாட்டேன். என் முறை வரும்போது அவள் தலையில் கையை வைத்து, “அவன் இருந்தாலும் இல்லாட்டியும் நீ நூறு வயசு நல்லா இரும்மா” என்பேன். நீ பக்கத்திலேயே மாலையோடு உட்கார்ந்திருப்பாய், ஒரு எழுத்து விடாமல் காதில் விழும். பெற்ற தாய் வாயில் வருகிற பேச்சா இது என்று உனக்குத் தோன்றும். சபைக்கு நடுவில் எழுந்திருக்கவும் முடியாது, பதில் பேசவும் முடியாது. கேட்டுக்கொண்டு அப்படியே இரு. அன்றைக்கு நானும் அப்படித்தான் படுத்திருந்தேன்.

அம்மா